சேனல் போச்சு, பில் மட்டும் வந்தது

இந்த வாரம் மிக்சி, மெத்தைப் புகார்கள் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: காலேஜ் ஃபுட்பால் மேட்ச் நேரம் பார்த்து டிவியில் சேனல் இருண்டுபோவது. அமெரிக்காவில் பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்திருக்கும் நம் வீடுகளில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டியிருந்த பகுதிகளை முழுசாகவே வெட்டிவிட்டேன்.

கேள்வி: மகள் லூசியானாவில் எல்எஸ்யுவில் படிக்கிறாள். 2024 செப்டம்பர் 1, ஞாயிறு மாலை, யுஎஸ்சி அணியோடு சீசனின் முதல் மேட்ச். சரியாக அந்த நேரத்தில் எங்கள் சாட்டிலைட் டிவியான டைரக்ட் டிவியில் ஏபிசி போய்விட்டது. டாலஸில் என் தம்பி வீட்டிலும் டைரக்ட் டிவிதான். அங்கே மேட்ச் ஓடியது! எங்கள் டிஷ்ஷில் ஏதாவது கோளாறா?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: கோளாறு உங்கள் ஊரில், ஐயா. ஏபிசி என்பது நாடு முழுக்க ஒரே சேனல் மாதிரித் தெரிந்தாலும், ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் ஒரு முதலாளி உண்டு. ஏபிசியின் சொந்தக்காரரான டிஸ்னியே நேரடியாக வைத்திருக்கும் ஏபிசி நிலையங்கள் எட்டுதான்: நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, சான் ஃபிரான்சிஸ்கோ, ஹூஸ்டன், ராலே-டர்ஹம், ஃப்ரெஸ்னோ. டிவி கம்பெனி சேனல்காரருக்குப் பணம் கட்டித்தான் சேனலைக் காட்டுகிறது; அந்த ஒப்பந்தம் முடிந்து, டைரக்ட் டிவி அன்று சண்டை போட்டது டிஸ்னியோடு. அதனால் அந்த எட்டு ஊரில் ஏபிசி போனது. டாலஸ் நிலையம் வேறொரு கம்பெனியுடையது, அது தப்பித்தது. டிஸ்னியின் ஸ்போர்ட்ஸ் சேனலான இஎஸ்பிஎன் மட்டும் எல்லா ஊரிலும் போனது, உங்கள் தம்பி வீட்டிலும்தான். இரண்டு வாரம் கழித்து, 14-ஆம் தேதி சனிக்கிழமைதான் திரும்ப வந்தது.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். நியூயார்க்கை ஒட்டிய நியூ ஜெர்சி, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியா, ராலே பக்கத்துக் கேரி, ஹூஸ்டன் என்று நம்மவர்கள் கூட்டமாகக் குடியிருக்கும் இடமெல்லாம் அதில் வந்துவிடுகிறது. இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் ஒரு ஆன்டெனா இருக்கட்டும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் நான்கும் காற்றில் இலவசமாக வருகின்றன. எந்தச் சண்டையும் அதைத் தொடாது.

ஆனால் ஆன்டெனா வாங்குவதில் ஒரு விஷயம். அட்டை மாதிரித் தட்டையாக, கண்ணாடியில் ஒட்டுகிற ஒன்று விற்கிறார்கள். "200 மைல்" என்று டப்பாவில் போட்டிருக்கும். என் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் தருகிறேன். பூமி உருண்டை என்பதால் 60, 70 மைலுக்கு மேல் எந்த வீட்டு ஆன்டெனாவுக்கும் எட்டுவது அபூர்வம். அதைவிட முக்கியம், ஹூஸ்டன் ஏபிசி 13-ஆம் அலைவரிசையிலும் ஃபிலடெல்ஃபியா ஏபிசி 6-ஆம் அலைவரிசையிலும் வருகின்றன. இரண்டும் விஎச்எஃப், அதாவது நீளமான அலை. அந்த அட்டைகளில் பல விஎச்எஃப்பைச் சரியாகப் பிடிப்பதில்லை. முயல் காது மாதிரி இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல் கேட்டு வாங்குங்கள். அழகாக இருக்காது, படம் வரும்.

கேள்வி: சேனல்காரருக்குக் கண்டனம் அனுப்பச் சொல்லி என் டிவி கம்பெனி ஒரு வெப்சைட் கொடுத்திருக்கிறது. அனுப்பட்டுமா? பதிலுக்கு அந்தச் சேனலும் கம்பெனியை மாற்றச் சொல்லி விளம்பரம் போடுகிறது.
— வாசகர், எடிசன்

பதில்: இரண்டு பேருக்கும் சம்பளம் வாங்காத வேலையாள் வேண்டும். அனுப்ப வேண்டாம்.

கேள்வி: 24 மாத கான்ட்ராக்டில் ஏழாவது மாதம். நான் டிவி போட்டதே இஎஸ்பிஎன், எஸ்இசி நெட்வொர்க் (தென்மாநிலக் காலேஜ் அணிகளின் சேனல்) இரண்டுக்காகத்தான். இரண்டும் போய்விட்டன. ரத்து செய்கிறேன் என்றால், மிச்சமுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் 20 டாலர் கட்டு என்கிறார்கள். ஒப்பந்தத்தை மீறியது அவர்கள்தானே?
— வாசகி, அட்லாண்டா புறநகர்

பதில்: அவர்கள் மீறவில்லை அம்மா. அதுதான் வயிற்றெரிச்சல். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எந்தச் சேனலையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எடுக்கலாம் என்று ஒரு பத்தி இருக்கும். ரத்துக் கட்டணம் மாதத்துக்கு 20 டாலர் என்பதும் அதில் இருக்கும். ஆக நீங்கள் இரண்டு வருஷத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறீர்கள். அவர்கள் ஒரு சேனலுக்கும், ஒரு நாளுக்கும் கட்டுப்படவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டவர் பாதியில் சமையலறையைப் பூட்டிக்கொண்டு, முழு வாடகை கொடு, காலி செய்தால் அபராதம் என்பது போல.

இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், கேளுங்கள். இந்த ரத்துக் கட்டணத்தை எதிர்த்து 2008-இலேயே கலிஃபோர்னியாவில் டைரக்ட் டிவி வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 டிசம்பரில் தீர்ப்பு, 6-3. கட்டணம் நியாயமா என்று கோர்ட் பார்க்கவே இல்லை. தகராறு வந்தால் கோர்ட் இல்லை, தனியார் மத்தியஸ்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, கூட்டாக வழக்குப் போட முடியாது, அங்கேயே தனித்தனியாகப் போங்கள் என்று சொல்லிவிட்டது. அதே வருஷம் மார்ச்சில், இரண்டு வருஷக் கட்டுப்பாட்டை விளம்பரத்தில் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று வாடிக்கையாளர் நலன் பார்க்கும் அரசு அமைப்பான எஃப்டிசி தனியாக ஒரு வழக்குப் போட்டது. மூன்று வருஷம் இழுத்து 2018-இல் அதைக் கைவிட்டது. அப்புறம் டிவி, போன் கம்பெனிகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பான எஃப்சிசி. 2023 டிசம்பரில் இந்த ரத்துக் கட்டணத்தையே தடுக்கலாமா என்று ஒரு வரைவு. 2024 ஜனவரியில், சேனல் இருண்ட நாட்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று இன்னொரு வரைவு. இரண்டும் விதியாகவில்லை. செப்டம்பரில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருட்டில் உட்கார்ந்தார்கள்.

சரி, உங்களுக்கு வழி. முதலில் சேனல் போன தேதி, திரையில் வந்த அறிவிப்பு, இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். போன் செய்து "கழிவு வேண்டும்" என்று கேட்காதீர்கள். "ரத்து செய்கிறேன்" என்று சொல்லுங்கள். உடனே உங்களை வேறொரு பிரிவுக்கு மாற்றுவார்கள். பில்லில் குறைக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் இருப்பவருக்குத்தான் இருக்கும். அவர் தருவதாகச் சொன்னதை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் எஃப்சிசி தளத்தில் புகார் போடுங்கள். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலை எழுதுகிறவர் போன் எடுப்பவரைவிட மேலே இருப்பவர், அங்கே கட்டணம் தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். அதுவும் ஆகவில்லையென்றால் சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். மத்தியஸ்தம் என்று எழுதிய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இதற்கு மட்டும் வழி விட்டிருக்கும். ஆட்டோ பேயை மட்டும் கோபத்தில் நிறுத்தாதீர்கள். பாக்கி வசூல்காரர் கைக்குப் போனால் உங்கள் கிரெடிட் ஸ்கோர்தான் அடிபடும்.

கேள்வி: மூன்று மாதம் முன்பு பெரிய கடை வாசலில் ஒரு பையன் மேசை போட்டு சாட்டிலைட் டிவி விற்றுக்கொண்டிருந்தான். "எல்லா ஸ்போர்ட்ஸும் வரும் அங்கிள்" என்றான். டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டேன். பாதி சேனல் இல்லை, பில் அவன் சொன்னதைவிட 31 டாலர் அதிகம். படிக்கவில்லை, அவசரம்.
— வாசகர், ப்ளேனோ

பதில்: உங்களுக்கு என்ன அவசரம்? மேட்ச் செப்டம்பரில், கையெழுத்து ஜூனில்.

2020 டிசம்பரிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கேபிள், சாட்டிலைட் கம்பெனி எதுவானாலும் எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று எழுத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். உங்கள் மெயிலில் தேடுங்கள். அந்தக் கடிதம் வரவே இல்லையென்றால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது, மேலே அட்லாண்டா அம்மாவுக்குச் சொன்ன புகாரை அதை வைத்துப் போடுங்கள். வந்து, நீங்கள் திறக்காமல் விட்டிருந்தால் எனக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை. "அங்கிள்" என்று கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவதா?

கேள்வி: நான் ஸ்டான்ஃபோர்டில் படித்தவன். டைரக்ட் டிவியில் எங்கள் மேற்குப் பகுதிக் காலேஜ்களின் பாக்-12 நெட்வொர்க் வரும் வரும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் அந்தச் சேனலே மூடப்பட்டது. எஸ்இசி நெட்வொர்க் ஆரம்பித்த அன்றே வந்ததே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?
— வாசகர், சனிவேல்

பதில்: உங்கள் மேல் எனக்கு உண்மையாகவே இரக்கம் உண்டு. சேனல் 2012 ஆகஸ்டில் தொடங்கி 2024 ஜூன் 30-இல் மூடப்பட்டது. அத்தனை காலத்தில் டைரக்ட் டிவி ஒரு நாள்கூட அதைப் போடவில்லை. நடுவில் போன் கம்பெனியான ஏடி அண்ட் டி டைரக்ட் டிவியை வாங்கியபோது எல்லாரும் நம்பினார்கள். அதுவும் பொய்த்தது.

காரணம் சேனலின் தரமல்ல, யார் கையில் அது இருந்தது என்பது. எஸ்இசி, ஏசிசி என்ற காலேஜ் கூட்டமைப்புகளின் சேனல்களுக்குப் பின்னால் இஎஸ்பிஎன். இன்னொரு கூட்டமைப்பான பிக் டென்னுக்குப் பின்னால் ஃபாக்ஸ். "இதைப் போடாவிட்டால் அதையும் எடுத்துவிடுவோம்" என்று மிரட்ட அவர்களிடம் வேறு சேனல்கள் இருந்தன. பாக்-12 அமைப்பு பெருமையாக நூறு சதவீதமும் தானே வைத்துக்கொண்டது. மிரட்ட வேறெதுவும் கையில் இல்லை. டைரக்ட் டிவி வேண்டாம் என்றது, கதை முடிந்தது. போட்டி சாட்டிலைட் கம்பெனியான டிஷ் நெட்வொர்க்குக்கு மாறுங்கள் என்று அந்த அமைப்பே ரசிகர்களுக்குச் சொல்லிப் பார்த்தது.

பெரிய கை இருந்தாலும் எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடாது. பிக் டென் சேனல் 2007 ஆகஸ்ட் 30-இல் ஆரம்பம். ஃபாக்ஸின் தாய்க் கம்பெனி அப்போது டைரக்ட் டிவியிலும் பெரும் பங்கு வைத்திருந்தது, அங்கே முதல் நாளே வந்தது. கேபிள் கம்பெனியான காம்காஸ்ட் ஒரு வருஷம் வரை போடவில்லை. சேனல் ஆரம்பித்த இரண்டே நாளில், செப்டம்பர் 1, அதில்தான் நாட்டுத் தரவரிசையில் ஐந்தாம் இடத்திலிருந்த மிஷிகனை அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது. காம்காஸ்ட் வீடுகளில் இருந்தவர்கள் அதைக் காதால் கேட்டதோடு சரி.

தேதிகளைக் கவனித்தீர்களா? ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல். கேபிள் கம்பெனியான சார்ட்டருக்கும் டிஸ்னிக்கும் 2023-இல் சண்டை வந்ததும் ஆகஸ்ட் 31. காலேஜ் சீசன் தொடங்கும்போது நமக்குப் பதற்றம் அதிகம், அப்போது ஒப்பந்தம் முடியும்படி வைத்தால் சேனல்காரருக்குக் கை ஓங்கும். எனவே ஜூலையில் 24 மாதக் கையெழுத்துப் போடாதீர்கள். செப்டம்பர் பாதி தாண்டட்டும்.

கேள்வி: இதெல்லாம் வேண்டாமென்று டிஷ்ஷைக் கழற்றிவிட்டு இணையத்தில் வரும் யூடியூப் டிவிக்கு மாறினேன். 2025 அக்டோபர் 30 அன்று அங்கேயும் இஎஸ்பிஎன் போனது!
— வாசகி, ஆஸ்டின்

பதில்: போனது. நவம்பர் 14-இல்தான் வந்தது. ஆனால் உங்களைக் கட்டிப்போட 24 மாதமும் இல்லை, ரத்துக் கட்டணமும் இல்லை. அந்த மாதமே விலகி, இஎஸ்பிஎன்னை நேரடியாக 29.99 டாலருக்கு வாங்கியிருக்கலாம். ஆகஸ்டிலிருந்தே அது கிடைத்தது. யூடியூப் டிவி 20 டாலர் கழிவு அறிவித்தது, ஆனால் நாமே உள்ளே போய் அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எடுத்தீர்களா?

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கம் பால்கனியில் இருக்கும் டிஷ்ஷை எடுக்கச் சொல்கிறது.
— வாசகர், நேபர்வில்

பதில்: டிஷ் ஒரு மீட்டருக்குள் இருந்து, பால்கனி உங்கள் உபயோகத்துக்கு மட்டும் என்றால் எடுக்க வேண்டாம். 1996-இலிருந்து எஃப்சிசி விதி உங்கள் பக்கம். சங்கத்துக்கு அந்த விதியைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். பொதுச் சுவரிலோ கூரையிலோ மாட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கழற்றுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் தமிழ் சேனல் தவிர எதுவும் பார்ப்பதில்லை. ஃபுட்பால் விதிகூடத் தெரியாது. நாங்கள் ஏன் இஎஸ்பிஎன்னுக்குப் பணம் கட்ட வேண்டும்?
— வாசகர், ஃபிரிமான்ட்

பதில்: கட்டாமல் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை அடிப்படை பேக்கில் வைத்திருக்கிறார்கள். உங்கள் மாதக் கட்டணத்தில் இஎஸ்பிஎன்னுக்கு மட்டும் 9 டாலருக்கு மேல் போவதாக மதிப்பீடு. இத்தனை வீட்டுக்கு இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிவி கம்பெனியோடு சேனல் எழுதி வாங்கிக்கொள்கிறது. 2024 சண்டையில் டைரக்ட் டிவி கேட்டதே, சிறு சிறு பேக்காகப் பிரித்து விற்க அனுமதி. அதன் பலனாக 2025 ஜனவரியில் 69.99 டாலருக்கு ஸ்போர்ட்ஸ் மட்டும் என்று ஒரு பேக் வந்தது. ஸ்போர்ட்ஸ் வேண்டுபவருக்கு வழி பிறந்தது, உங்களுக்கு அது உதவாது. தமிழ் சேனல்களை மட்டும் இணையத்தில் தனியாக, மாதாமாதம் கட்டும்படி வாங்குங்கள். போனில் பேசும்போது, "இந்திய பேக் வாங்க அடிப்படை பேக் கட்டாயமா?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: மகன் மார்ச்சிங் பேண்டில் டிரம் வாசிக்கிறான். ஒரே ஒரு சனிக்கிழமை மேட்ச் பார்க்கத்தான் ஆசை. அதற்கு என்ன வாங்க?
— வாசகி, கொலம்பஸ்

பதில்: இணைய டிவி கம்பெனியான ஸ்லிங் 2025 ஆகஸ்டில் ஒரு நாள் பாஸ் கொண்டுவந்தது, 4.99 டாலர். டிஸ்னி அதன் மேல் வழக்கே போட்டது; அந்த அளவுக்கு நமக்கு நல்ல சரக்கு. மேட்ச் எந்தச் சேனலில் என்று வெள்ளிக்கிழமை பாருங்கள், அந்தச் சேனல் பாஸில் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் வாங்குங்கள். ஃபாக்ஸில் என்றால் ஆன்டெனாவே போதும். ஒன்று மட்டும்: இடைவேளையில் பேண்டைக் காட்ட மாட்டார்கள், விளம்பரமும் ஸ்டுடியோப் பேச்சும்தான் ஓடும். டிரம் கேட்க வேண்டுமென்றால் டிக்கெட் எடுங்கள்.