மலையில் புகைக்குக் கணக்குப் போடுவது எப்படி? வாசகர் கேள்விகள்

எங்கள் தேயிலை ஃபேக்டரியில் டிரையருக்கு விறகுதான். வருடத்துக்கு எவ்வளவு தூசி வெளியே போகிறது என்று கருவி இல்லாமல் சொல்ல முடியுமா? (கோத்தகிரி)

தோராயமாகச் சொல்லலாம். எரித்த விறகின் எடையை உமிழ்வுக் காரணியால் (ஒரு டன் எரித்தால் எவ்வளவு தூசி வரும் என்ற எண்) பெருக்கி, சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) பிடித்துக்கொள்வதைக் கழிக்க வேண்டும். 200 டன் விறகு, டன்னுக்கு 5 கிலோ தூசி, சைக்ளோன் பிடிப்பது 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோவில் 400 கிலோ வெளியே போகிறது.

ஆனால் சைக்ளோன் பெருந்துகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். நுரையீரலின் ஆழம்வரை போகும் பிஎம் 2.5 என்ற நுண்துகள் பெரும்பாலும் தப்பிவிடும். அதற்கும் இதே 60 சதவீதத்தைக் கழித்தால் கணக்கு பொய்யாகிவிடும். ஏபி-42 என்ற அமெரிக்க உமிழ்வுக் காரணித் தொகுப்பில் காரணிகளுக்கு ஏ (A, மிக நம்பகமானது) முதல் ஈ (E, நம்பகம் குறைந்தது) வரை தரம் போட்டிருப்பார்கள். ஈ தரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தக் காரணிகளும் பல ஆலைகளின் சராசரிதான். மழைக்காலத்தில் ஈர விறகு போட்டால் உங்கள் புகை அதைத் தாண்டும். விறகை எடை போட்டு, மாதாமாதம் நோட்டில் எழுதி வையுங்கள். அதை வேறு யாரும் உங்களுக்குத் தர முடியாது.

சுற்றுலா வண்டிகளின் புகையை பெட்ரோல் பங்க் விற்பனையை வைத்துக் கணக்கிடலாமா? (கொடைக்கானல்)

வேண்டாம். நிறைய பேர் வத்தலக்குண்டிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுகிறார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) இருக்கிறதே, அந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். அரசுப் பேருந்து, உள்ளூர் வண்டிகளைத் தனியாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிரித்துப் போடுவது அவசியம். சமவெளிச் சாலைக்கான காரணியை அப்படியே போட்டால் ஏற்றத்தின் புகை குறைத்துக் காட்டப்படும். இறக்கத்தில் எரிபொருள் குறைவு, ஆனால் பிரேக் தூசி அதிகம்.

லாட்ஜ் ஜெனரேட்டர் புகை நெடி தாங்கவில்லை. கந்தகம்தானே? (குன்னூர்)

இல்லை. 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 தர) டீசலில் கிலோவுக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் கந்தகம்தான். எரியும்போது எடையில் இரண்டு மடங்கு கந்தக டை ஆக்சைடாகும். 100 லிட்டருக்கு 2 கிராம்கூட வராது. நீங்கள் கவலைப்பட வேண்டியது கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும்.

ஜனவரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் புகை மண்டுகிறது. அப்போது உமிழ்வு கூடுகிறதா? (ஊட்டி)

குளிருக்குக் கூடுதலாக விறகோ குப்பையோ எரித்தால் கூடும். இல்லாவிட்டால் வெளியே போகும் புகை அதே அளவுதான். அடியில் குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றுமாக மூடிக்கொள்வதால் கலையாமல் நிற்கிறது. இதை உமிழ்வுக் கணக்கு காட்டாது. காற்றை அளந்துதான் பார்க்க வேண்டும். பிஎம் 2.5-க்கு நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்.