நின்ற சைக்கிளில் ஆறு நிமிடம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆஸ்ட்ராண்ட் சோதனை செய்தேன் (ஒரே சுமையில் ஆறு நிமிடம் மிதித்து, துடிப்பை வைத்து விஓ2 மாக்ஸைக் கணிப்பது; அதாவது உச்ச உழைப்பில் உடம்பு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு). 5-வது நிமிடத்தில் துடிப்பு 148, 6-வது நிமிடத்தில் 157. சராசரி 152 என்று வைத்துக்கொண்டு அட்டவணையைப் பார்த்தேன். சரிதானே?

பதில்: சரியில்லை. ஒரே நிமிடத்தில் 9 ஏறியிருக்கிறது என்றால், உடம்பு அந்தச் சுமையில் இன்னும் நிலைக்கு வரவில்லை. வித்தியாசம் 5-க்கு மேல் இருந்தால் இறங்கக் கூடாது. இன்னொரு நிமிடம் மிதித்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். அப்போதும் ஏறிக்கொண்டே போனால் சுமை உங்களுக்கு அதிகம். வேறொரு நாள் 25 வாட் குறைத்துச் செய்து பாருங்கள். அப்புறம், இருக்கை உயரத்தைக் குறித்து வைத்தீர்களா? வைத்திருக்க மாட்டீர்கள். யாரும் வைப்பதில்லை.

கேள்வி: எனக்குத் துடிப்பு 140 வந்தது. என் விஓ2 மாக்ஸ் எவ்வளவு?

பதில்: எத்தனை வாட்டில் 140? எத்தனாவது நிமிடத்தில்? வயது, எடை, ஆணா, பெண்ணா? எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், சொல்கிறேன்.

கேள்வி: பட்டை பிரேக் உள்ள சைக்கிளில் 2 கிலோ சுமை வைத்தேன். நிமிடத்துக்கு 50 சுற்று ரொம்ப மெதுவாகத் தோன்றியதால் 60 சுற்றில் மிதித்தேன். விஓ2 மாக்ஸ் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்திருக்கிறதே, ஏன்?

பதில்: அந்த வகை சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரத்தின் விளிம்பு 6 மீட்டர் ஓடும். 2 கிலோ, 6 மீட்டர், 50 சுற்று: பெருக்கினால் 600, அதாவது சுமார் 100 வாட். 60 சுற்று என்றால் 720, சுமார் 120 வாட். இதயம் 120 வாட்டுக்கு உழைத்தது. தாளில் நீங்கள் 100 என்று எழுதினீர்கள். குறைவாகத்தான் வரும். மின்காந்த பிரேக் உள்ள சைக்கிள் என்றால் நீங்கள் வேகமாக மிதித்தாலும் அது தானே எதிர்ப்பைத் தளர்த்தி வாட்டைக் காப்பாற்றிவிடும். பட்டை பிரேக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 100-இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு கால். சலிப்பாகத்தான் இருக்கும், ஆறு நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வயது 55. உடற்பயிற்சி அதிகம் இல்லை. ஆனால் சோதனையில் விஓ2 மாக்ஸ் 58 வந்தது! பயிற்சியாளரே அசந்துவிட்டார். (ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுக்கிறேன்.)

பதில்: முதல் வரியில் எழுத வேண்டியதைக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையின் வேலையே துடிப்பைக் கட்டிப் பிடிப்பது. அட்டவணைக்கு மாத்திரை தெரியாது. இவ்வளவு சுமையில் இவ்வளவு குறைந்த துடிப்பா, பெரிய விளையாட்டு வீரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். அந்த 58-ஐ அழித்துவிடுங்கள். சோதனைக்காக மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்காதீர்கள். நிறுத்தக் கூடாது. துடிப்பை வைத்துக் கணிக்கும் எந்தச் சோதனையும் உங்களுக்குப் பொருந்தாது. இதய ஒழுங்கின்மை உள்ளவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: சோதனைக்கு முன் காபி குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் வராதீர்கள். படியேறி ஓடியும் வராதீர்கள்.

கேள்வி: எனக்கு 40 வயது. 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு 180. ஆனால் போன வாரம் மேட்டில் சைக்கிள் மிதித்தபோது மார்புப் பட்டை 191 காட்டியது. பட்டை கெட்டுவிட்டதா?

பதில்: பட்டை நன்றாகத்தான் இருக்கும். கெட்டது அந்தக் கழித்தல் கணக்கு. இதைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை.

1971-இல் ஃபாக்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும், பல ஆய்வுகளில் வந்த அளவுகளை ஒரே படத்தில் வைத்துப் பார்த்து, ஏறக்குறைய இப்படி இறங்குகிறது என்று கண்மதிப்பாகச் சொன்ன கோடுதான் இந்த 220. அது கூட்டத்தின் சராசரி. தனி ஆளின் உச்சம் அதிலிருந்து மேலும் கீழும் 10, 12 துடிப்பு விலகியிருப்பது சர்வ சாதாரணம். 40 வயதுக்காரர்கள் நூறு பேரை நிறுத்தினால் சுமார் முப்பது பேர் 168-க்குக் கீழோ 192-க்கு மேலோ இருப்பார்கள். நான் ஒரே மாதத்தில் சோதித்த இருவருக்கும் வயது 31. இருவரும் கடைசி மூச்சுவரை ஓடினார்கள். ஒருவர் 176-இல் நின்றார், மற்றவர் 203-இல். இரண்டு பேருக்கும் சூத்திரம் சொன்னது 189.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். ஒய்எம்சிஏ முறையில் (வெவ்வேறு சுமைகளில் துடிப்பை எடுத்து, உச்சத் துடிப்பு வரை கோட்டை நீட்டும் சோதனை) செய்கிறோம் என்று வையுங்கள். 70 கிலோ எடை, 40 வயது. 50 வாட்டில் துடிப்பு 115, 100 வாட்டில் 135. இரண்டு புள்ளிகளையும் இணைத்து, கோட்டை 180 வரை நீட்டினால் 210 வாட்டுக்கு மேல் போய் நிற்கும். விஓ2 மாக்ஸ் சுமார் 40. அதே ஆளின் உண்மையான உச்சம் 192 என்றால் கோடு இன்னும் 30 வாட் நீளும். விடை 44-ஐத் தாண்டும். உச்சம் 168-தான் என்றால் 35 பக்கம் இறங்கிவிடும். மிதித்தது ஒன்றுதான், வேர்த்தது ஒன்றுதான். கழித்தல் கணக்கை நம்பியதற்கு 35-லிருந்து 44 வரை எங்கு வேண்டுமானாலும் போய் விழலாம். இதைத்தான் ‘40.3’ என்று தசமத்தோடு அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

தனாகாவும் குழுவும் 2001-இல் தந்த கணக்கு, 208-இல் வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது. வயதானவர்களுக்கு அது பரவாயில்லை: 60 வயதில் பழையது 160 என்னும், இது 166 என்னும். ஆனால் 40 வயதில் இரண்டும் 180-தான். ஆளுக்கு ஆள் உள்ள விலகல் எந்தச் சூத்திரத்தாலும் போகாது. ஆஸ்ட்ராண்ட் முறையில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே வயதுத் திருத்தம் என்று 45-க்கு 0.78, 55-க்கு 0.71 என்று பெருக்குகிறீர்களே, அதுவும் இதே சராசரிதான், வேறு சட்டை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 191-ஐ உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். பட்டை ஒரு கணம் துள்ளிக் காட்டாமல், சில நொடிகள் தொடர்ந்து காட்டியிருந்தால் 180-ஐ மறந்துவிட்டு 191-ஐப் போடுங்கள். மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு, உச்சத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று தனியாக மேடு ஏறக் கிளம்ப வேண்டாம். உச்சத்தைத் தொடாமல் அளப்பதற்குத்தான் இந்தச் சோதனையே.

கேள்வி: ட்ரெட்மில்லில் 44, சைக்கிளில் 39. எது சரி?

பதில்: இரண்டும் இருக்கலாம். சைக்கிளில் தசை குறைவாக வேலை செய்கிறது. உச்சம் வரை போனாலும் 5 முதல் 10 சதவீதம் குறைவாக வருவது வழக்கம். சைக்கிள் பழக்கமே இல்லாதவர்களுக்கு 20 வரைகூடக் குறையும், தொடை முதலில் கைவிட்டுவிடும். இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: ஆஸ்ட்ராண்ட், ஒய்எம்சிஏ, எக்ப்ளம்-பாக். புதிதாகத் தொடங்குபவர் எதைச் செய்யலாம்?

பதில்: கடைசியாகச் சொன்னதை. ஸ்வீடன்காரர்கள் 2014-இல் வெளியிட்டது. 60 சுற்றில் முதல் நான்கு நிமிடம் எல்லோருக்கும் ஒரே லேசான சுமை, சுமார் 30 வாட். அடுத்த நான்கு நிமிடம் ‘கொஞ்சம் கஷ்டம்’ என்று தோன்றும் சுமை. இரண்டுக்கும் இடையே துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதை வைத்துக் கணக்கு. 220 கணக்கு சொல்லும் உச்சம் வரை கோட்டை இழுக்கிற வேலை இல்லை. எனக்கு அது ஏன் பிடிக்கும் என்று மேலே படித்தவர்களுக்குப் புரியும்.

கேள்வி: நான்காவது நிமிடத்தில் தலை சுற்றி, நெஞ்சு இறுகியது. நிறுத்திவிட்டேன். நாளை வீட்டிலேயே மறுபடி முயலலாமா?

பதில்: கூடாது. இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் 38.4-லிருந்து 39.1 ஆகியிருக்கிறது. முன்னேற்றம்தானே?

பதில்: இந்தச் சோதனையின் பிழையே 10, 15 சதவீதம். அதில் 0.7-ஐத் தேடுவது வீண். சோதனைத் தாளை எடுத்து, அதே சுமையில் 6-வது நிமிடத் துடிப்பைப் பாருங்கள். முன்பு 100 வாட்டில் 146 இருந்து, இப்போது 135 என்றால் பயிற்சி வேலை செய்கிறது. உங்கள் உச்சம் என்னவாக இருந்தாலும் கவலையில்லை, இரண்டு முறையும் அதே இதயம்தானே. 146-க்கு 144 என்றால் அது தூக்கத்தாலும் இருக்கலாம், அறையின் வெப்பத்தாலும் இருக்கலாம். அதே சைக்கிள், அதே நேரம், அதே சுற்று என்று செய்திருந்தால்தான் இந்தப் பேச்சும். இரண்டு முறையும் இருக்கை எந்தத் துளையில் இருந்தது?