டிசைனரில் வரைந்த திரையை பைத்தான் ஸ்கிரிப்டோடு இணைப்பது: கேள்வி பதில்

ஸ்கிரிப்ட் ஏற்கெனவே ஓடுகிறது, க்யூட்டி டிசைனரில் (பட்டன், பெட்டிகளை இழுத்துப்போட்டுத் திரை வரையும் கருவி) திரையும் வரைந்தாயிற்று, இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். க்யூட்டியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் பைக்யூட்டியின் 5, 6 இரண்டையும் மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, டிசைனர் சேமித்துத் தரும் யூஐ ஃபைலை பைத்தானாக மாற்றி, அதற்குள்ளேயே என் ஃபங்ஷன்களை ஒட்டினேன். ஒரு பட்டனை நகர்த்திவிட்டு மறுபடி மாற்றியதும் எல்லாம் அழிந்துவிட்டது.

பதில்: அழியத்தான் செய்யும், அந்த ஃபைலின் தலையிலேயே அப்படி எச்சரிக்கை இருக்கிறது. அதில் கை வைக்காதீர்கள். பழைய ஸ்கிரிப்ட் தனியாக இருக்கட்டும், திரை யூஐ ஃபைலாகவே இருக்கட்டும் (அது வெறும் எக்ஸ்எம்எல்தான்), நடுவில் புதிதாக ஒரு சின்ன ஃபைல் எழுதுங்கள்: அதில் ஒரு கிளாஸ், அது திறக்கும்போது பைக்யூட்டியின் லோட்யூஐ ஃபங்ஷன் மூலம் திரையை ஏற்றும், பழைய ஸ்கிரிப்டை இம்போர்ட் செய்துகொள்ளும், பட்டன்களை இணைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. திரை என்று ஒன்று இருப்பதே ஸ்கிரிப்டுக்குத் தெரியக்கூடாது, இதில் நான் ரொம்பப் பிடிவாதம். அப்போதுதான் நாளைக்கு அதே ஸ்கிரிப்டை டெர்மினலிலும் ஓட்டலாம். ஆனால் ஸ்கிரிப்டில் கொஞ்சம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஃபங்ஷனுக்குள் இன்புட் கேட்டால் அது டெர்மினலில் காத்துக்கொண்டே நிற்கும், அதை ஆர்க்யுமென்டாக மாற்றுங்கள். பிரிண்ட் செய்யும் இடத்தில் ரிட்டர்ன் வேண்டும். கடைசியில் நேரடியாக ஓடும் வரிகளை மெயின் சோதனைக்குள் (if __name__ == "__main__":) தள்ளுங்கள், இல்லாவிட்டால் இம்போர்ட் செய்த நொடியே ஓடிவிடும்.

கேள்வி: பட்டனை அழுத்தும் முன்பே ஃபங்ஷன் ஓடிவிடுகிறதே?

பதில்: பட்டனை ஃபங்ஷனோடு இணைக்கும் கனெக்டுக்குள் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள், பெயர் மட்டும் போதும்.

கேள்வி: சார், என் ஃபங்ஷனில் ஃபைல் பெயருக்கு டீஃபால்ட் மதிப்பு வைத்திருக்கிறேன். பட்டன் வழியாக ஓட்டினால் மட்டும் அங்கே ஃபால்ஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பதில்: பட்டனை அழுத்தியதும் அது அனுப்பும் கிளிக்ட் சிக்னல் சும்மா வராது, பட்டன் டிக் ஆகியிருக்கிறதா என்ற ஒரு பூலியன் மதிப்பையும் சேர்த்தே அனுப்பும். சாதாரண பட்டனுக்கு அது எப்போதும் ஃபால்ஸ், அதுதான் உங்கள் டீஃபால்ட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போகிறது. அதனால் பழைய ஃபங்ஷனை நேராக இணைக்காமல், நடு ஃபைலில் ஒரு மெத்தட் வைத்து அதை இணையுங்கள். அது லைன்எடிட்டில் (பயனர் எழுதும் பெட்டி) இருப்பதைப் படித்து, ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வரும் பதிலை லேபிளில் போடட்டும். லைன்எடிட் தருவது எப்போதும் ஸ்ட்ரிங், எண் வேண்டுமென்றால் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: பெரிய ஃபைல் கொடுத்தால் ஜன்னல் உறைந்துவிடுகிறது. நடுநடுவே திரையையும் கிளிக்குகளையும் கவனிக்கவைக்கும் பிராசஸ்ஈவென்ட்ஸ் போட்டால் சரியாகுமா?

பதில்: சரியான மாதிரி தெரியும், ஆனால் வேலை நடுவில் இருக்கும்போதே யாராவது அதே பட்டனை மறுபடி அழுத்தினால் ஃபங்ஷன் தனக்குள்ளேயே இன்னொரு முறை ஆரம்பிக்கும், அப்புறம் தரவு எப்படிக் கலங்கும் என்று சொல்லவே முடியாது. திரையை வரைவதும் உங்கள் ஃபங்ஷனை ஓட்டுவதும் ஒரே த்ரெட் (புரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலை வரிசை) என்பதால்தான் உறைகிறது. நீண்ட வேலையை, தனி த்ரெட்டில் ஓட்டும் க்யூத்ரெட்டுக்கு மாற்றுங்கள். அங்கிருந்து லேபிளையோ புராக்ரஸ் பாரையோ தொடாதீர்கள், சிக்னல் மட்டும் அனுப்புங்கள், திரை தன் த்ரெட்டில் அதை வாங்கிக் காட்டும். த்ரெட்டை செல்ஃபில் (கிளாஸின் ஆப்ஜெக்டிலேயே) வைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் வேரியபிளில் வைத்தால் மெத்தட் முடிந்ததும் அது அழிக்கப்பட்டு, புரோகிராமே விழும். பட்டனையும் வேலை முடியும்வரை டிசேபிள் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஏதாவது பிழை வந்தால் ஒரு செய்தியும் இல்லாமல் ஜன்னலே மூடிவிடுகிறது.

பதில்: பைக்யூட்டி 5.5 முதல், ஸ்லாட்டுக்குள் (சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் வந்தால் புரோகிராம் நின்றுவிடும். ஐகானை டபுள் கிளிக் செய்யாமல் டெர்மினலிலிருந்து ஓட்டிப் பாருங்கள், எந்த வரி என்று தெரியும். பயனருக்குக் கொடுக்கும் முன் நடு மெத்தடில் ட்ரை, எக்ஸெப்ட் போட்டு, பிழையை மெசேஜ்பாக்ஸில் காட்டுங்கள்.