சொல் விளக்கம்: ‘ஐயோ’ சொல்லலாமா?

கேள்வி: “ஐயோ என்பது எமன் பெண்டாட்டி பேர், விளக்கு வைத்த நேரத்தில் சொல்லாதே” என்று மாமியார் கண்டிக்கிறார். உண்மைதானா? (வாசகி, காரைக்குடி)

பதில்: இந்தச் சொல்லுக்கும் எமனுக்கும் உறவில்லை. ‘ஐ’, ‘ஐயன்’ என்றால் தலைவன், தந்தை. கால் இடறினால் ‘அம்மா’ என்று கூப்பிடுகிறோமே, அதுபோலப் பெரியவரை ‘ஓ’ சேர்த்து விளிப்பதுதான் ‘ஐயோ’ என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் மாமியாரின் பயத்துக்கும் வேர் இருக்கிறது. சாவு வீட்டில் முதலில் எழும் குரல் இதுதான். புறநானூறு 255ஆம் பாட்டில், காட்டில் விழுந்து கிடக்கும் கணவனைத் தூக்க முடியாத மனைவி, ‘ஐயோ’ என்று கதறினால் புலி வந்துவிடுமோ என அஞ்சுகிறாள். வன்பரணர் பாட்டு அது. பாரதியாரின் ‘புதிய கோணங்கி’ பாட்டில் வரும் குடுகுடுப்பைக்காரனும், படித்தவன் பாவம் செய்தால் “ஐயோவென்று போவான்” என்று சபிக்கிறான்.

அதோடு நிறுத்திவிட்டால் சொல்லுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். கம்பர், கங்கைப் படலத்தின் முதல் பாட்டிலேயே இராமன் நிறத்துக்கு “மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ” என்று உவமை தேடிப் பார்த்து, எதுவும் போதாமல் “ஐயோ இவன் வடிவு” என்று முடிக்கிறார். திருப்பாணாழ்வாரும் அரங்கனைப் பார்த்து “நீலமேனி ஐயோ” என்கிறார். இரண்டிலும் துக்கம் துளியும் இல்லை. அழகைத் தாங்க முடியாத திணறல்தான். 2011இல் வந்த ‘ஆடுகளம்’ படத்தின் காதல் பாட்டு ‘ஐயய்யோ’ என்று தொடங்குவதும் இதே மரபில்தான். மாமியாருக்குக் கம்பர் பாட்டைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: குறும்படத்துக்கு வசனம் எழுதுகிறேன். சலிப்பில் சொல்லும் ‘ஐயோ’வை நடிகர்கள் அழுகையாக்கிவிடுகிறார்கள். எப்படி எழுதுவது? (வாசகர், மதுரை)

பதில்: தாளில் வெறும் ‘ஐயோ!’ என்று விட்டால் நடிகருக்கு வழி தெரியாது. பக்கத்தில் நிற்கும் சொல்தான் உணர்ச்சியைக் காட்டும். ‘ஐயோ ராமா’, ‘ஐயோ சாமி’ என்றால் சலிப்பு. ‘ஐயோ பாவம்’ என்றால் இரக்கம். குழந்தை விழுந்தால் ‘அச்சச்சோ’ போதும். சலிப்பு ‘ஐயோ’ குறுகியது, உடனே ஒரு கேள்வியோ குறையோ ஒட்டிக்கொள்ளும்: “ஐயோ, எத்தனை தடவைடா சொல்றது!” அந்த இரண்டாம் பாதியை எழுதிவிடுங்கள், நடிகர் கடைசி ‘யோ’வை இழுக்க மாட்டார். இழுத்தால்தான் ஒப்பாரியாகிறது.

இரட்டிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். இடைவெளியில்லாமல் ‘ஐயோ ஐயோ’ என்றால் பதற்றம். நடுவில் மூச்சு விட்டு, தலையில் அடித்துக்கொண்டு “ஐயோ... ஐயோ...” என்றால் எதிராளியின் அறியாமையைக் கண்ட சிரிப்பும் சலிப்பும். வடிவேலு இதை இவ்வளவு துல்லியமாகச் செய்ததால்தான் மீம்களில் எழுத்தாக மட்டும் பார்த்தாலும் நம் காதில் அவர் குரல் கேட்கிறது. ஆகவே அந்த மூன்று புள்ளிகளை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐயோ, அய்யோ, ஐய்யோ: எது சரி? (வாசகர், கோவை)

பதில்: ‘ஐயோ’ சரி. ‘அய்யோ’வும் தவறில்லை, அகரத்தின்பின் யகர மெய் வந்தால் ஐகாரம்போல ஒலிக்கும் என்று நன்னூல் இடம் தருகிறது. ‘ஐய்யோ’ பிழை: ஐகாரத்திலேயே யகர ஒலி அடங்கியிருக்க, இன்னொரு ‘ய்’ எதற்கு? ‘ஐயய்யோ’, ‘ஐயையோ’ இரண்டும் எழுதலாம். ஒரே கதையில் ஒரே வடிவம் இருக்கட்டும். ‘ஐயோப் பாவம்’ என்று ஒற்று மிகாது. “ஐயோ, பால் பொங்கிடுச்சே!” என்பதுபோல நடுவில் காற்புள்ளி வைத்தால் உணர்ச்சிக்குறி வாக்கியக் கடைசியில் ஒன்று மட்டும் போதும்.

கேள்வி: இது ஆங்கில அகராதியில் சேர்ந்துவிட்டதாமே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஆம், 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் எல்லாவற்றிலும் வழங்கும் சொல் இது. சிங்கப்பூரில் கேட்கும் ‘ஐயோ’வை மட்டும் முழுக்க நம்முடையது என்று உரிமை கொண்டாட வேண்டாம், சீனர்களிடமும் அதே ஒலியில், அதே சலிப்புக்கு ஒரு சொல் உண்டு.