கைப்பேசியிடம் தோற்கத்தான் செஸ் வகுப்பா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். சமூக மன்றத்தில் செஸ் வகுப்புக்குப் போகிறான். கைப்பேசியில் இருக்கும் செஸ் செயலியை உலக சாம்பியனாலும் ஜெயிக்க முடியாதாமே? அப்புறம் எதற்கு இந்தச் செலவு?
ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: ஜெயிக்க முடியாது என்பது சரி. 1996-ல் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவ், ஐபிஎம்மின் செஸ் கணினியான டீப் புளூவை 4-2 என்று வென்றார். மறு வருடமே 3½-2½ என்று அதனிடம் தோற்றார். விநாடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய இயந்திரம் அது. 2006-ல் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக், அடுத்த நகர்விலேயே மேட் (ராஜா தப்ப வழியில்லாத நிலை) விழப்போவதைக் கவனிக்காமல் டீப் ஃப்ரிட்ஸ் என்ற செஸ் மென்பொருளிடம் ஓர் ஆட்டத்தைக் கொடுத்தார். அந்தப் போட்டியும் 4-2 என்று கைவிட்டுப் போனது. மனிதனா இயந்திரமா என்ற வழக்கு அத்தோடு தீர்ந்தது.

ஆனால் செலவு வீண் என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2024 டிசம்பர் 12, நம் செந்தோசாவில் உலக சாம்பியன் போட்டி. இந்தியாவின் குகேஷுக்கும் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரனுக்கும் 14-வது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டில் இன்ஜினை, அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் மென்பொருளைத் திறந்து வைத்துப் பார்த்தவர்களுக்கு அது பெரிய பிழை என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. பலகைக்கு முன்னால் இருந்த 18 வயதுப் பிள்ளை குகேஷுக்குச் சொல்ல யாருமில்லை. யானைக்கு யானை, மந்திரிக்கு மந்திரி வெட்டிக்கொண்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும்தான், தன் பக்கம் ஒரு சிப்பாய் கூடுதல் என்பதை அவரேதான் பார்க்க வேண்டும். பார்த்தார். மூன்றே நகர்வில் ஆட்டம் முடிந்தது, குகேஷ் உலக சாம்பியன் ஆனார். கண்ணீர் வழிய வழிய காய்களைப் பலகையில் திரும்ப அடுக்கினார்.

இந்தக் கண் எப்படி வந்தது? ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் தரப்புள்ளி ஏறக்குறைய 2500-ஐ (கிராண்ட்மாஸ்டர் அளவு) தொடும் வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை.

அதனால் ஐயா, வகுப்பை நிறுத்தாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் செயலியைத் திறந்து எங்கே தப்பு என்று பார்க்கும் பழக்கம் மகனுக்கு இருந்தால் அதை நிறுத்துங்கள். போன வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், செஸ் கட்டம் பதித்த சிமெண்ட் மேசையில் இரண்டு பிள்ளைகள் விளையாடினார்கள். தோற்றவன் எழுந்து போகவில்லை. காய்களைப் பழைய இடத்தில் வைத்து, "குதிரையை இங்கே விட்டிருந்தா?" என்றான். இருட்டும் வரை அந்த ஒரு குதிரையைத்தான் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.