மோனோ இசைத்தட்டுக்கு என்ன குறை?

ஐயா, வணக்கம். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த என் தாத்தா சேர்த்த கர்நாடக இசைத்தட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கின்றன. சில நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் கனமான பழைய 78கள், மற்றவை நீண்ட நேரம் ஓடும் எல்.பி.கள், பெரும்பாலும் ஒரே தடத்தில் ஒலி பதிந்த மோனோ. புதிய டர்ன்டேபிளில் போட்டால் இரைச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது. மோனோவுக்கு மதிப்பில்லை, இடம், வலம் என இரு தடம் கொண்ட ஸ்டீரியோ பதிப்பாக வாங்கு என்கிறார் நண்பர். பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

கொடுத்துவிடாதீர்கள். நண்பர் சொல்வதை நான் அடியோடு மறுக்கிறேன். ஸ்டீரியோ எல்.பி.கள் பரவலாக விற்பனைக்கு வந்ததே 1958 வாக்கில்தான். 1956இல் மறைந்த நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்கு ஸ்டீரியோ எங்கிருந்து வரும்? அறுபதுகளில் பல நிறுவனங்கள் பழைய மோனோ பதிவுகளின் கீழ் ஒலியை ஒரு பக்கமும் மேல் ஒலியை மறுபக்கமும் தள்ளி, அட்டையில் ஸ்டீரியோ என்று அச்சிட்டு விற்றன. அவற்றில் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து போகும். காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை அல்ல.

இரைச்சலுக்கு வருவோம். மோனோ தட்டில் முள் ஓடும் பள்ளத்தில் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவாகவே வெட்டப்பட்டிருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இசை துளியும் இல்லை. முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் இந்த இரண்டு அசைவையும் படிப்பதால், தூசி முள்ளைத் தூக்கிப்போடுவதுகூட ஒலியாகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இரு பக்கமும் ஒன்றாகச் சேரும்போது அந்த மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரைச்சல் தணிவது உடனே தெரியும்.

78களுக்கு வேறு முள் வேண்டும். மோனோ எல்.பி. முள்ளின் நுனி ஆரம் சுமார் 25 மைக்ரான், 78க்கு ஏறத்தாழ 75 மைக்ரான். மெல்லிய முள் அகன்ற பள்ளத்தின் அடியை உரசிக்கொண்டே போகும். அதைக் கேட்டுவிட்டுத் தட்டைப் பழிப்பது அநியாயம்.

தரத்தை எப்படிக் கணிப்பது? இரைச்சல் வேறு, பிசிறு வேறு. இரைச்சல் பாட்டுக்கு வெளியே ஓடுகிறது. சிறிது நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும். குரல் மேல்ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் உடைந்து கரகரத்தால் பள்ளமே தேய்ந்திருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டிய கிராமபோனின் எஃகு ஊசியையும் பாரமான தலையையும் தாங்கிய தட்டுகளில் இந்தத் தேய்மானம் சகஜம். உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்கான பள்ளத்தின் நீளம் குறைந்துவிடுவதால் கேடு அங்கேதான் முதலில் காதில் படும். ஆகவே தொடக்கத்தைக் கேட்டு ஏமாறாமல், பக்கத்தின் கடைசிப் பகுதியைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் மிருதங்கத்தின் சொற்கள் தனித்தனியாக விழுந்தால் அது நல்ல தட்டு, மேலே எத்தனை கீறல் தெரிந்தாலும்.

மிகப் பழைய 78கள் எல்லாம் சரியாக 78 வேகத்தில் பதிவானவை அல்ல. பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்திருந்தால் தம்புராவோடு ஒப்பிட்டு வேகத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். 78களை ஆல்கஹால் கலந்த திரவத்தால் ஒருபோதும் துடைக்காதீர்கள்; அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.

பெட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இருந்தால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்.

அன்புடன்.