ஒரு அடி நகர்ந்த வரப்பு கூகுள் எர்த்தில் தெரியுமா?

கேள்வி: பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி வெட்டி, ஒரு அடி என் பக்கம் வந்துவிட்டார். கூகுள் எர்த்தில் பழைய படங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து நிரூபிக்க முடியுமா?

பதில்: முடியாது. பத்து அடி என்றாலும் யோசிக்க வேண்டியதுதான்.

வணிகச் செயற்கைக்கோள்களில் மிகக் கூர்மையான பார்வை உள்ளவற்றில் ஒன்று வேர்ல்ட்வியூ-3. சுமார் 617 கி.மீ. உயரத்தில் சுற்றும் அது எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய புள்ளி, தரையில் 31 செ.மீ. இஸ்ரோ 2019-இல் ஏவிய கார்ட்டோசாட்-3 இன்னும் கொஞ்சம் நுணுக்கமாக, 25 செ.மீ. வரை போகும். உங்கள் தகராறு மொத்தமே அங்கே ஒரு பிக்சல்தான். வரப்பில் புல் மண்டினால் அதுவும் போச்சு.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. செயற்கைக்கோள் பெரும்பாலும் சாய்வாகப் பார்த்துத்தான் படம் எடுக்கிறது. அந்தச் சாய்வையும் தரையின் மேடுபள்ளத்தையும் கணக்கிட்டுப் படத்தை வரைபடத்தில் பொருத்தும்போது சில மீட்டர் விலகுவது சகஜம். நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்கள் கிணற்றின் மேல் ஒரு குறி வைத்துவிட்டு ஆண்டுகளை மாற்றினால், கிணறே இடம் மாறுவதைப் பார்க்கலாம்! எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இதைத்தான் காட்டுவார்.

அதற்காகப் படங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். குட்டையை மூடியது எப்போது, கொட்டகை எந்த ஆண்டு முளைத்தது, அந்தப் பருவத்தில் பயிர் இருந்ததா என்பதற்கெல்லாம் அவை நல்ல சாட்சி. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. இப்போது ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு படம். ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட் நிலம். செழிப்பான இலை அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும், தரிசு அந்த அளவுக்கு அனுப்பாது. அதனால் பயிர் எப்போது வளர்ந்தது, எப்போது அறுத்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படத்தைப் பாருங்கள். திறந்த வெளியில் தேங்கிய தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும்.

உங்கள் வரப்புக்கு வழி தாலுகா அலுவலகம்தான். பட்டாவும் புலப்பட (வயலின் எல்லை அளவுகள் காட்டும் வரைபடம்) நகலும் எடுத்துக்கொண்டு, கட்டணம் கட்டி நில அளவைக்கு மனு கொடுங்கள். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து வயல்காரரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் மறுபடியும் அளக்கச் சொல்வார்.